மேக்கப்புக்கு மேல் சன்ஸ்கிரீன் ஸ்டிக்: எந்தப் பதம் உங்களுக்கு ஒத்துவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது மெலாஸ்மா என்கிற கறுப்புத் திட்டு, விழுந்தது. அன்றிலிருந்து சன்ஸ்கிரீனைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன், வாங்கி வாங்கிப் பூசிப் பார்க்கிறேன். "அக்கா, மேக்கப் கலையாம மத்தியானம் மறுபடி எப்படி சன்ஸ்கிரீன் போடுறது?" என்று என்னிடம் கேட்காத பெண் இல்லை. ஸ்டிக், அதாவது லிப்ஸ்டிக் போலத் திருகிப் பூசும் கட்டி சன்ஸ்கிரீன், வாங்குங்கள் என்று சொல்லிவிட்டால் போதாது. கடையில் ஒரு வரிசை முழுக்க ஸ்டிக் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு பதம். பதம் மாறினால் மேக்கப் பாழ். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காலையில்தான் சன்ஸ்கிரீன் பூசியாயிற்றே, மேக்கப்புக்கு மேல் மறுபடி எதற்கு?

காலை 7 மணிக்குப் பூசுகிறீர்கள். பிறகு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடக்கிறீர்கள், வியர்க்கிறது, டிஷ்யூவால் நெற்றியை ஒற்றுகிறீர்கள், போனைக் கன்னத்தில் அழுத்திப் பேசுகிறீர்கள். மதியம் ஆவதற்குள் பூசிய படலம் அங்கங்கே விட்டுப்போய்விடும். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நாம் இருக்கும் ஊரையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். தேசிய சுற்றுப்புற வாரியம் காலை 7 முதல் மாலை 7 வரை மணிக்கு ஒருமுறை யூவி குறியீட்டை, அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கடுமையை, வெளியிடுகிறது. மைஎன்வி செயலியில் பார்க்கலாம். வெயில் தெளிவாக இருக்கும் நாட்களில் நடுப்பகலில் அது 11ஐத் தாண்டும். 11ம் அதற்கு மேலும் என்பது அந்த அளவுகோலின் கடைசிப் படி. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1982 பிறந்தபோது நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டி. அலுவலகமே எழுந்து உணவங்காடிக்கு நடக்கும் நேரம் அது.

ஜன்னலிலிருந்து தள்ளி, நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருப்பவர் மணி பார்த்துப் பூச வேண்டியதில்லை. சாப்பிடக் கிளம்பும் முன் ஒருமுறை போதும். ஜன்னலோரம் உட்காருகிறவருக்கு வேறு கணக்கு. யூவியில் தோலைச் சுடுவது யூவிபி, ஆழமாக இறங்குவது யூவிஏ. கண்ணாடி யூவிபியைத் தடுக்கும். யூவிஏயின் பெரும்பகுதியை சாதாரணக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும்.

ஸ்பிரே, பவுடர், குஷன் எல்லாம் இருக்க ஸ்டிக் எதற்கு?

ஸ்பிரேயில் முகத்தில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது, மூச்சிலும் போகும். பவுடரில் தேவையான அளவு தோலில் நிற்பது கடினம். குஷன், அதாவது பஞ்சில் ஊறவைத்த ஃபவுண்டேஷன் டப்பா, நல்லதுதான். நம் நிறத்துக்கு ஷேடு கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டிக் தேடி அலைய வேண்டாம். ஷேடு கிடைக்காதவர்களுக்கும், கை கழுவ இடமில்லாத பேருந்து நிறுத்தத்தில் நின்று பூச வேண்டியவர்களுக்கும் ஸ்டிக் உதவும்.

ஸ்டிக்கில் என்னென்ன பதம் இருக்கிறது?

வெல்லப்பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பார்க்கிறோம் அல்லவா, ஸ்டிக்கும் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் எண்ணெய், அதைக் கெட்டியாக்கும் மெழுகு போன்ற பொருள், வெயிலைத் தடுக்கும் பொருள் மூன்றும் இருக்கும். எது எவ்வளவு என்பதில்தான் பதம் மாறுகிறது. நான் வைத்திருக்கும் பெயர்களிலேயே சொல்கிறேன்.

முதலாவது எண்ணெய்ப் பதம். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். எண்ணெயை ஜெல்லாக உறையவைத்தது. தோலில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், இழுக்கவே இழுக்காது, வெள்ளையும் பூக்காது. ஆனால் பளபளப்பு நிற்கும். நம் ஊர் புழுக்கத்தில் அந்தப் பளபளப்பு ஒரு மணி நேரத்தில் எண்ணெய் வழிவது போலவே தெரியும்.

இரண்டாவது மாவுப் பதம். கடையில் மேட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். சிலிகோனும் சிலிகா போன்ற நுண்தூளும் சேர்ந்தது. விரலால் தேய்த்தால் பவுடர் தடவியது போல வறண்டு, வழவழவென்று இருக்கும். எண்ணெய் வழிகிற முகத்துக்கு ஏற்றது. துளைகளைக் கொஞ்சம் மறைக்கும். வறண்ட தோலில் சிரிப்புக் கோட்டிலும் கண்ணுக்குக் கீழும் கோடு கோடாகப் போய் உட்காரும்.

மூன்றாவது மெழுகுப் பதம். கெட்டியாக, வெண்மையாக இருக்கும். பிள்ளைகளுக்கும், கடற்கரைக்கும், ஓட்டப் பயிற்சிக்கும் என்று விற்பதில் இது நிறைய. தண்ணீரிலும் வியர்வையிலும் நன்றாக நிற்கும். மேக்கப்புக்கு மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபவுண்டேஷனைச் சுரண்டி எடுத்துவிடும்.

நான்காவது நீர்ப் பதம். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பூசும்போது சுகம். ஆனால் அதில் உள்ள ஈரம், நீர் கலந்த ஃபவுண்டேஷனை இளக்கிக் கலைத்துவிடலாம். மூடியை இறுக்கி மூடாவிட்டால் காய்ந்து சுருங்கியும் போகும்.

நிறம் சேர்த்த ஸ்டிக் தனிக் கதை. மங்கு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சரி, என் மேக்கப்புக்கு எது சேரும்?

ஃபவுண்டேஷன் எந்த பிராண்டு என்பதைவிட, முகத்தில் கடைசியாக நீங்கள் பூசியது என்ன என்று பாருங்கள். கடைசியாக பவுடர் போட்டு முடிப்பவரா? மாவுப் பதம் எடுங்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சும். அதன் மேல் எண்ணெய்ப் பதத்தை இழுத்தால் அந்த இடம் மட்டும் ஈரம் பட்ட சுவர் போலக் கறுத்துத் திட்டாகத் தெரியும். பவுடர் போடாமல் கிரீம், டின்ட், பிபி கிரீம் என்று முடிப்பவரா? எண்ணெய்ப் பதம் அதன் மேல் அலுங்காமல் போகும். மாவுப் பதத்தை அங்கே இழுத்தால் ஈர மாவில் உலர்ந்த மாவைத் தூவியது போல ஒட்டிக்கொண்டு திரளும்.

முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லை. நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிந்து, கன்னம் வறண்டிருக்கும் பெண்கள் நம்மில் நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் மட்டும் பவுடர் ஒற்றிவிட்டு, முகம் முழுக்க ஒரே மாவுப் பத ஸ்டிக்கை, கன்னத்தில் அழுத்தாமல் லேசாகப் பூசச் சொல்வேன். இரண்டு ஸ்டிக் வாங்கச் சொல்ல மாட்டேன். கைப்பையில் இரண்டு இருந்தால் இரண்டையும் எடுக்காமல் விட்டுவிடுவோம்.

மாநிறத்துக்கு மேல் நீறு பூத்த மாதிரி ஆகிவிடுகிறதே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதனால்தான் நம் பெண்கள் பலர் சன்ஸ்கிரீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். "நமக்கு அது சேராதுக்கா" என்று சொல்லிவிடுவார்கள். சேராதது அந்த ஒரு பொருள்தான். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும் வெண்ணிறத் தூள்கள். வெளுத்த தோலில் அது தெரியாது. நம் தோலில் சாம்பலாகத் தெரியும். ஸ்டிக்கில் அது இன்னும் மோசம். கிரீமைப் போல தேய்த்துப் பரப்ப முடியாது, மேக்கப் இருப்பதால் தேய்க்கவும் கூடாது.

பெட்டியின் பின்னால் உள்ள பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வெண்மை பூக்கும் வாய்ப்பு குறைவு. மாவுப் பதத்தில் மட்டும் இன்னொரு எச்சரிக்கை: அந்த இரண்டும் இல்லாவிட்டாலும், நுண்தூள் அதிகம் இருந்தால் மூன்றாவது நான்காவது பூச்சில் ஒரு சாம்பல் சாயல் எழும். முதல் இழுப்பில் தெரியாது. ஆகவே ஒரே ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

கறுத்த தோலில் மெலனின் அதிகம், அது கொஞ்சம் காக்கும், உண்மைதான். ஆனால் பரு வந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்பதும், மங்கு படர்வதும் நம் தோலில்தான் அதிகம். வெயில் அதை இன்னும் ஆழமாக்கும்.

எனக்கு மங்கு இருக்கிறது. நான் எதை வாங்குவது?

மங்குக்கு யூவி மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், குறிப்பாக அதன் நீல ஒளி, நம்மைப் போன்ற தோலில் நிறத்தைக் கிளப்பிவிடும். நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை, கண்ணாடி போன்ற ஸ்டிக் நிச்சயமாகத் தடுக்காது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு. ஃபவுண்டேஷனுக்கும் நிறமுள்ள சன்ஸ்கிரீனுக்கும் அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பதே அதுதான்.

அதனால் மங்கு உள்ளவர்களுக்கு நிறமுள்ள ஸ்டிக் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இங்கே கடைகளில் கிடைக்கும் நிறமுள்ள ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை வெளுத்த நிறத்துக்கானவை. நம் கன்னத்தில் இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ நிற்கும். நான் செய்வது இது: அயர்ன் ஆக்சைடை ஃபவுண்டேஷனிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். மங்கு உள்ள இடத்தில் அதை ஒரு அடுக்கு கூடுதலாக ஒற்றுவேன். யூவிக்கு அதன் மேல் நிறமில்லாத ஸ்டிக். இரண்டும் சேர்ந்தால் இரண்டு வேலையும் நடக்கும். இங்கேதான் பதம் முக்கியம். ஃபவுண்டேஷனை அலுங்கவிடாத ஸ்டிக் இல்லையென்றால், மங்கைக் காக்கும் அடுக்கையே நாம் சுரண்டி எடுத்துவிடுவோம்.

மங்கு பரவிக்கொண்டே போனால் பூச்சிலேயே காலம் கடத்தாதீர்கள். அரசு மருந்தகமான பாலிகிளினிக்கில் காட்டினால் தேவைப்பட்டவர்களை மண்டலே ரோட்டில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டர் என்ற தோல் மருத்துவ நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள்.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கடையில் எல்லாரும் செய்வது, புறங்கையில் ஒரு கோடு இழுத்து, "ஆ, நல்லாயிருக்கு" என்று சொல்லி வாங்குவது. புறங்கையில் மேக்கப் இல்லை, கடையில் வெயிலும் இல்லை. அந்தச் சோதனையால் என்ன தெரியும்?

நான் சொல்லிக்கொடுக்கும் முறை வேறு. கடைக்குப் போகும் நாளில் காலையில் முகத்துக்கு மேக்கப் போடும்போதே, முழங்கைக்குக் கீழே கையின் உட்புறத்தில் மூன்று விரல் அகலத்துக்கு அதே சன்ஸ்கிரீன், அதே ஃபவுண்டேஷன், அதே பவுடரைப் பூசிக்கொள்ளுங்கள். கடையில் பூசிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரின் மேற்பரப்பை டிஷ்யூவால் துடைத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தின் பாதியில் நான்கு முறை இழுங்கள். மற்ற பாதியை அப்படியே விடுங்கள். டெஸ்டரை முகத்தில் வைக்காதீர்கள், எத்தனை முகத்தைத் தொட்டதோ.

இப்போது ஸ்டிக்கின் முனையைப் பாருங்கள். உங்கள் ஃபவுண்டேஷன் நிறம் அதில் ஏறியிருந்தால் அதை வைத்துவிட்டு நகருங்கள். ஏறவில்லை என்றால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, வெயிலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்குவதாக இருந்தால் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும், வியர்த்துவிடும். பூசிய பாதியையும் பூசாத பாதியையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நிறம் மாறியிருக்கிறதா, திரண்டிருக்கிறதா, ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்தினால் எவ்வளவு வருகிறது? அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள்.

இழுத்தால் ஃபவுண்டேஷன் பெயர்ந்து வருகிறது. என்ன தவறு செய்கிறேன்?

சில வருடம் முன்பு ஒரு காலை முகூர்த்தம், சிராங்கூன் சாலையில் கோயில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து வெளியே படம் எடுக்கப் போகிறார்கள், மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பெண்ணின் அக்காவுக்கு நான் ஸ்டிக்கை எடுத்து இரண்டு கன்னத்திலும் இழுத்தேன். அரை மணி நேரமாக அது குளிரூட்டிய அறையில் என் பெட்டியில் கிடந்தது. முனை கல் போல இருந்திருக்கிறது. வலது கன்னத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஃபவுண்டேஷன் உரிந்து, கீழே இருந்த தோல் தெரிந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த இடத்தைத் துடைத்து, மறுபடி பூசி, ஒற்றி முடிக்கும்வரை எல்லாரும் வெயிலில் நின்றார்கள். ஸ்டிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஸ்டிக் முதல் நாள் என் வீட்டில் வெண்ணெய் போலப் போனது.

ஏர்கானில் இறுகுவதும் பேருந்து நிறுத்தத்தில் இளகுவதும் ஒரே ஸ்டிக்தான். இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்து முறை நாம் இந்தக் குளிருக்கும் அந்தப் புழுக்கத்துக்கும் போய் வருகிறோம். அதனால் முகத்தில் வைக்கும் முன் சுத்தமான புறங்கையில் ஐந்தாறு முறை வட்டமாகத் தேய்த்து முனையை இளக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் வியர்வையை எடுக்க வேண்டும். டிஷ்யூவை விரித்து முகத்தில் வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரத்தின் மேல் எந்தப் பதமும் நிற்காது. பிறகு ஸ்டிக்கைப் படுக்கவைத்தாற்போலச் சாய்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து காதுப் பக்கமாக ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கீழே இருப்பது கிளம்பிவிடும். ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சுத்தமான விரலால் தட்டி ஒற்றுங்கள்.

அப்படியும் பெயர்கிறதென்றால் ஸ்டிக்கை விரல் நுனியில் தாராளமாகத் தேய்த்து, அந்த விரலால் முகத்தில் ஒற்றலாம். பஞ்சு வேண்டாம், பாதியை அதுவே குடித்துவிடும்.

எத்தனை முறை இழுக்க வேண்டும்? ஒரு ஸ்டிக் எத்தனை நாள் வரும்?

சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணை (வெயில் சுடாமல் எவ்வளவு காக்கும் என்ற அளவை) ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். ஒரு முகம் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம் வேண்டும். 20 கிராம் ஸ்டிக் 16 முறைக்கு வரும், அவ்வளவுதான். "ஒரு ஸ்டிக் வாங்கினா எனக்கு வருஷம் முழுக்க வரும்" என்று சொல்கிறவர்கள் போட்டது போலக் காட்டிக்கொள்ளும் அளவுதான் பூசுகிறார்கள்.

வெறும் தோலில் ஒவ்வோர் இடத்திலும் நான்கு முறை இழுக்கச் சொல்வார்கள். மேக்கப்புக்கு மேல் அந்த அளவு ஏறாது, அதை நான் மறைக்கப் போவதில்லை. அளவு பாதியானால் பாதுகாப்பும் ஏறக்குறைய பாதியாகும். காலையில் மேக்கப்புக்கு அடியில் கிரீமோ லோஷனோ முழு அளவு பூசியிருக்க வேண்டும். அதுதான் சுவர். ஸ்டிக் அந்தச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது. காலையில் ஒன்றும் பூசாமல் மதியம் ஸ்டிக்கை மட்டும் இழுத்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமில்லாத நாளில் மூக்குத் தண்டு, கன்ன மேடு, நெற்றி, மேலுதட்டின் மேல், காது நுனி. இவற்றை விடாதீர்கள். கொண்டை போட்டிருந்தால் பின்கழுத்தையும்.

பொட்டு, குங்குமம், விபூதி வைத்திருக்கும்போது?

ஸ்டிக்கர் பொட்டு எந்த ஸ்டிக்கின் மேலும் நிற்காது. பசை எண்ணெயில் பிடிக்காது, ஒரு மணி நேரத்தில் நழுவி மூக்குக்கு வந்துவிடும். காலையில் பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி, கொஞ்சம் பவுடர் தொட்டு, பிறகு பொட்டை ஒட்டுங்கள். மதியம் ஸ்டிக் போடும்போது பொட்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு, புருவத்துக்கு மேலே இரண்டு பக்கமாகவும் இழுங்கள். நடு நெற்றியில் விட்ட இடத்தை விரலால் ஒற்றி நிரப்பலாம்.

குங்குமம் இன்னும் கவனம். ஸ்டிக்கின் முனை ஒருமுறை குங்குமத்தில் பட்டால் அடுத்த இழுப்பு கன்னத்தில் சிவப்புக் கோடாக வரும். எண்ணெயோடு சேர்ந்த குங்குமம் லேசில் போகாது. வகிட்டில் வைத்திருப்பவர்கள் முடியோரத்தில் ஸ்டிக்கைக் கொண்டுபோகவே வேண்டாம், விரல்தான். விபூதி பூசியிருந்தால் நெற்றியை விட்டுவிடுங்கள். அதை அழித்துவிட்டு சன்ஸ்கிரீன் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

உருண்டை உருண்டையாகத் திரள்கிறதே?

அடியில் உள்ளது காயாமல் மேலே பூசினால் திரளும். காலையில் சன்ஸ்கிரீனுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள், அந்த நேரத்தில் புடவை கட்டலாம், தலை வாரலாம். அடியில் சிலிகோன் பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), மேலே மாவுப் பத ஸ்டிக், நடுவில் நீர் கலந்த ஃபவுண்டேஷன் என்று இருந்தாலும் திரளும். பிரைமரை விட்டுப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கண் எரிகிறது.

வியர்வையோடு இறங்கி கண்ணுக்குள் போவதால் எரிகிறது. எண்ணெய்ப் பதம் இளகி இறங்கும், மாவுப் பதம் அவ்வளவாக இறங்காது. கண் இமை மேல் பூசாதீர்கள். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பரு வருமா?

சிலருக்கு வரும். எண்ணெய்ப் பதத்தில் அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் பல நேரம் பரு வருவது அழுக்கான முனையால். வியர்வை, ஃபவுண்டேஷன், எண்ணெய் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பைக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் மூடும் முன் டிஷ்யூவால் முனையைத் துடையுங்கள். தங்கச்சிக்கோ தோழிக்கோ கொடுக்காதீர்கள். கேட்டால் புறங்கையில் இழுத்துக் கொடுங்கள்.

பட்டு ரவிக்கை, ஹிஜாப் கறைபடுமா?

படும். எண்ணெயும் மெழுகும் பட்டில் ஏறினால் ட்ரை கிளீனிங்குக்குத்தான் போக வேண்டும். அவோபென்சோன் உள்ள சன்ஸ்கிரீன் வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை விடும், துவைத்த பிறகு கறை பளிச்சென்று தெரிவதும் உண்டு. கழுத்துக்கு மாவுப் பதம் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றிய பிறகு ரவிக்கை போடுங்கள். ஹிஜாப் அணிபவர்கள் துணி படும் ஓரத்தில் இருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி இழுத்தால் போதும். துணி மூடிய இடத்தைத் துணியே காக்கும்.

ஃபிளாஷ் அடித்தால் முகம் வெள்ளையாக விழுமா?

ஜிங்க், டைட்டானியம், சிலிகா அதிகம் இருந்தால் விழும். மாலை வரவேற்புக்கு வெயிலே இல்லை, ஸ்டிக் தேவையில்லை. பகல் படங்களுக்கு ஃபிளாஷ் குறைவு. ஆக இரண்டும் மோதிக்கொள்ளும் நேரம் சொற்பம். இருந்தாலும் முந்தின நாள் உங்கள் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

எஸ்பிஎஃப் 50 அல்லது 50+, பிஏ++++. ஜப்பானிய, கொரியச் சரக்கில் 50+ என்பதே அவர்கள் போடும் உச்ச எண். பிஏ என்பது யூவிஏக்கு. நான்காவது கூட்டல் குறி ஜப்பானில் 2013இல் சேர்ந்தது. எஸ்பிஎஃப் 30 யூவிபியில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் மேக்கப்புக்கு மேல் குறைவாகத்தான் பூசப்போகிறோம் என்பதால் பெரிய எண்ணிலேயே தொடங்குங்கள். மேக்கப்பில் உள்ள எஸ்பிஎஃப் 15ஐயும் ஸ்டிக்கின் 50ஐயும் கூட்டி 65 என்று எண்ணாதீர்கள். அது அப்படிக் கூட்டுக்கணக்கு ஆகாது.

இங்கே சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருளாகக் கணக்கில் வரும். விற்கும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அதைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். முகம் தெரியாத ஆன்லைன் விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைப்பதை முகத்தில் பூசாதீர்கள்.

பையில் உருகிவிட்டது. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகுமா?

கெட்டியாகும், பழைய பதம் வராது. உருகி உறைந்ததில் மணல் போல நொறுநொறுப்பு இருந்தால், வெயிலைத் தடுக்கும் பொருள் ஒரே சீராகக் கலந்திருக்கிறதா என்று நம்ப முடியாது. தூக்கிப் போடுங்கள். நிறுத்தி வைத்த காரில் விடவே கூடாது.

இரவில் எப்படி எடுப்பது?

ஃபேஸ்வாஷ் மட்டும் போதாது. மெழுகும் சிலிகோனும் தண்ணீருக்கு அசையாது. முதலில் கிளென்சிங் எண்ணெயோ பாமோ தடவி, தண்ணீர் தொட்டுப் பால் போல் வெளுத்த பிறகு கழுவி, அதன் பின் ஃபேஸ்வாஷ். தேங்காய் எண்ணெய் மேக்கப்பை எடுக்கும், ஆனால் தண்ணீரில் போகாமல் தோலிலேயே தங்கும். பரு வரும் தோலுக்கு வேண்டாம்.

தைப்பூசத்தன்று அம்மா பால்குடம் எடுக்கிறார், நான் கூட நடக்கிறேன். என்ன எடுத்துக்கொள்வது?

இதை ஒரு கல்லூரிப் பெண் போன வருடம் கேட்டாள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். விடியும் முன் கிளம்பினால் பிரச்சினை இல்லை. முன்பகலில் கிளம்பினால் வரிசையில் நின்று நின்று போய்ச் சேரும்போது உச்சி வெயில் பிடித்துவிடும். அம்மாவின் இரண்டு கையும் குடத்தில் இருக்கும், அவரால் முகத்தைத் தொட முடியாது. அன்றைக்கு மட்டும் மாவுப் பதம் வேண்டாம். வியர்வை வழிந்துகொண்டே இருக்கும் முகத்தில் அது பிடிக்காது. இளகிய எண்ணெய்ப் பதம் ஒன்றும், பருத்தித் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அன்று பவுடர் வேண்டாம், லேசான டின்ட் போதும், அப்போது ஒரே ஸ்டிக் இருவருக்கும் பொருந்தும். இருவருக்கும் ஒன்று என்பதால் உங்கள் விரலில் தேய்த்து அம்மாவுக்கு ஒற்றுங்கள், முனையை நேரடியாக வைக்காதீர்கள். வரிசை நிற்கும்போது அம்மாவுக்கு முன்னால் வந்து, துண்டால் முகத்தை ஒற்றி எடுத்து, விபூதியைத் தொடாமல் மூக்குத் தண்டு, கன்ன மேடு, காது, பிறகு பின்னால் போய்ப் பின்கழுத்து. குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.